பச்சைத் தண்ணியும் பச்சைத் தேயிலையும்

போன மாதம் தர்ஷினி போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபிறகு எங்கள் தோட்டத்துக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக, என் இடத்துக்கு வந்தவள் அவள். நல்ல பிள்ளை, ஆனால் யாரையும் மறுத்துப் பேச விடமாட்டாள். தோட்டத்து மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு சுகாதாரக் கூட்டம் வைக்கிறார்களாம். நம்ம ஸ்டோரில் இப்போது கிரீன் டீயும் செய்கிறார்கள் அல்லவா, அதில் ஆளுக்கொரு பாக்கெட் கொடுக்கப் போகிறார்களாம். நான் வந்து கிரீன் டீயின் நன்மைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டுமாம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம்.

பேச வேண்டியதை எல்லாம் அவளே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டாள். இருதயத்துக்கு நல்லது, சீனி வருத்தத்துக்கு நல்லது, தோல் மினுங்கும், உடம்பு குறையும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசி வரியை வாசித்துச் சிரித்துவிட்டேன். முதுகில் கொழுந்துக் கூடையோடு இந்த மேட்டையும் பள்ளத்தையும் ஏறி இறங்கும் பெண்களில், உடம்பு குறைக்கவேண்டிய ஒருத்தியை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை.

கிரீன் டீயோடு எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. கொழுந்தை வாட்டிப் புளிக்கவிடாமல், பறித்த சூட்டோடு ஆவி காட்டிக் காயவைத்தால் அது கிரீன் டீ. பாலும் சீனியும் போடாமல் குடித்தால் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் சனங்களுக்குப் பிடித்தது சாயத்தண்ணி. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, அதை நக்கிக்கொண்டே சுடச்சுட உறிஞ்சும் வெறுந்தேத்தண்ணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்தாலும் முதலில் கையில் வருவது அதுதான். ஒரு நாளில் எத்தனை வீடு ஏறினேனோ அத்தனை கிளாஸ் குடித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது கொத்தமல்லித் தண்ணி என்று வெளியே சொன்னதே இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

தர்ஷினியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்தபிறகுதான் யோசித்தேன். தேயிலையைப் பற்றிப் பேசுவதென்றால் என்னிடம் பிரசவத்துக்கு வந்த செல்வமணியைப் பற்றி நினைக்காமல் என்னால் பேச முடியாது. அவளுடைய புருஷன் ராசையா இன்னும் தோட்டத்தில் அந்தப் பழைய லயத்தில்தான் இருக்கிறார். அவர்களுடைய மகள் மலர் இப்போது பிள்ளைத்தாய்ச்சி.

கண்டியில் பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வோர்டில் நின்று நின்று கால் வீங்கியது, சிங்களம் வாயில் வந்தது, இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருவது நின்றது. அதற்குப் பிறகு பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் வேலை படித்தது இங்கேதான், டொக்டரையாவிடம்.

அவர் முழு டொக்டர் அல்ல. டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான மருத்துவ உதவியாளர். ஆனால் சனங்கள் டொக்டரையா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்; என்னை எல்லோரும் மிசி என்றார்கள். மெலிந்த மனுசன். சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. மலையில் கங்காணிமார் "ஏய், இந்தா" என்று கூப்பிடும் பெண்களை அவர் "உக்காருங்கம்மா" என்பார். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி நின்றால் அவரும் எழுந்து நின்றுவிடுவார். காலையில் கொண்டுவந்து வைக்கும் தேத்தண்ணியைக் கடைசி நோயாளி போனபிறகுதான் தொடுவார். அது ஆறிப்போய்க் கிடக்கும். அதையும் ரசித்துத்தான் குடிப்பார்.

எதையும் இரண்டு தரம் கேட்பது அவருடைய வழக்கம். "சாப்பிட்டீங்களா?" என்பார். "ஆமாங்க" என்பாள் வந்தவள். வேறெதையோ பேசிவிட்டுத் திரும்பவும் "சாப்பிட்டீங்களா?" என்பார். அப்போதுதான் "இல்லீங்க" வரும். முதல் பதில் மரியாதைக்குச் சொல்வது, இரண்டாவதுதான் பதில் என்று எனக்குச் சொல்லித் தந்தார். இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவும் அவரிடம் ஒரு முறை இருந்தது. டோர்ச் அடிக்கவிடமாட்டார். அவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கிப் பார்க்கவேண்டும். பிறகு நாக்கு, பிறகு நகம். நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்பி வரவேண்டும். எங்கள் மலையில் அது மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வரவே வராது.

நான் வந்த புதிதில் தோட்டத்தில் வயிற்றோட்டமும் மஞ்சள் காமாலையும் மாறி மாறி வந்தன. மேலே ஊற்றில் பிடிக்கும் தண்ணீர் லயங்களைக் கடந்து கீழே வரும்போது என்னென்ன சேர்ந்து வருமென்று சொல்ல வேண்டியதில்லை. டொக்டரையா ஒரே பேச்சாக நின்றார்: பச்சைத் தண்ணி வாயில் படக்கூடாது. கொதிக்க வைக்காத தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணி என்கிறோம். கிளினிக்கில் சொன்னோம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் சொன்னோம், பீலிக்கரையில் குளிக்கிற பெண்களிடம் குளிரக் குளிர நின்று சொன்னோம். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் இன்னும் அழுத்திச் சொன்னோம். சனங்கள் கேட்டார்கள். வயிற்றோட்டம் குறைந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொதித்த தண்ணீரை வெறுமனே குடிக்கிறவர் எங்கள் மலையில் யார்? கேத்தல் கொதித்தால் கை தானாகத் தேயிலை டின்னுக்குப் போகும். பச்சைத் தண்ணியை விட்டவர்கள் எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனார்கள். அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

செல்வமணிக்குக் கலியாணமாகி வெகு காலத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை அது. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற வயிறு. ராசையா ஸ்டோரில் வேலை. மற்ற வீடுகளில் தூள்தேயிலையில் கரைகிற சாயம் என்றால், அவர் வீட்டில் ஸ்டோர்க்காரர்களுக்குக் கிடைக்கும் நல்ல தேயிலை. இஞ்சியை அம்மியில் தட்டிப்போட்டு அவர் போடும் தேத்தண்ணிக்கு லயத்தில் தனிப் பேர் உண்டு. ஆம்பிளை அடுப்படியில் குந்துகிறான் என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள், பிறகு கிளாஸை நீட்டிக்கொண்டு அவரிடமே வருவார்கள். செல்வமணிக்கு வேறு எந்தத் தேத்தண்ணியும் இறங்காது.

முதல் தரம் ஜன்னல் பக்கம் திருப்பி இமையை இறக்கியபோதே எனக்குத் திக்கென்றது. காகிதம் மாதிரி வெளுப்பு. இரத்தத்தை எடுத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், குறைவு என்று வந்தது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தோம். அடுத்த மாதமும் குறைவு. குளிசையைக் கூட்டிக் கொடுத்தோம். அதற்கடுத்த மாதமும் அதே குறைவு. பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் இரத்தம் போகும். இருப்பு உள்ளவள் தாங்குவாள். இவள் உடம்பில் போவதற்கு இரத்தம் இல்லை. பேறுகாலத்துக்கு முன் இரத்தம் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

குளிசையை வீசிவிடுகிறாளோ என்று நினைத்தோம். வீசுவது வழக்கம்தான். வயிற்றைப் புரட்டும், வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயந்து சாக்கடைக் கானுக்குள் போட்டுவிடுவார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் வீட்டுக்குப் போய், அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் டொக்டரையா.

பனி மூட்டத்தோடு போனேன். ராசையா அடுப்புக்கு முன்னால் குந்தி இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றி, அவளுடைய கிளாஸில் ஊற்றினார். டின் மூடியில் குளிசை எடுத்துவைத்திருந்தது. அவள் அதை நாக்கில் வைத்து, தேத்தண்ணியைக் குடித்து, சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். மூன்று பேரும் சிரித்தோம். ராசையாவுக்குத்தான் பெருமை அதிகம்.

"ஒரு நாளும் விட்டதில்ல மிசி. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு அவ வாயில படல" என்றார்.

டிஸ்பென்சரிக்கு வந்து, விழுங்குகிறாள், கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். எதோடு விழுங்கினாள் என்று கேட்டார். தேத்தண்ணியோடு என்றேன். அவர் மேசையில் இருந்த சாமான்களை ஒழுங்குபண்ணினார். பிறகு திரும்பவும் கேட்டார், எதோடு விழுங்கினாள்? இரண்டாம் தரமும் தேத்தண்ணியோடு என்றுதான் சொன்னேன்.

அவருடைய தேத்தண்ணி மேசையில் ஆறிக்கொண்டு இருந்தது. ஒரு குளிசையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி அதில் போட்டுக் கலக்கினார். சிவப்பாக இருந்த சாயம் எங்கள் கண் முன்னால் கறுத்தது. வாழைக்காய் நறுக்கிய கத்தி கறுக்குமே, அந்தக் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் மைக்கூட்டில் இருக்கும் மை மாதிரி ஆகிவிட்டது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது, இதெல்லாம் படித்ததுதான், கேட்கத்தான் தோன்றவில்லை என்று மெல்லச் சொன்னார். கேட்பதே வேலையாக இருந்த மனுசன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே செல்வமணியைக் கூப்பிட்டு, இனிக் கொதித்து ஆறிய தண்ணியில் குளிசையைப் போடுங்கள், தேத்தண்ணியை நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றோம். காரணம் சொல்லவில்லை. வயிறு நிறைமாதத்தை நெருங்கியிருந்தது, பயப்படுத்த மனம் வரவில்லை. ராசையா ஒரு பிளாஸ்க் வாங்கிவந்து சுடுதண்ணி வைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்து இரத்தம் ஏற்றவும் ஏற்பாடு செய்தோம். அடுத்த சோதனையில் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து நான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. ஐப்பசி மழை. கீழ்ப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஆள்கள் மண்வெட்டியோடு போய் வழி எடுத்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் பிரசவ அறையில் பகல் வேளையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல சத்தம். பச்சைப் பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் வைத்தேன். அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டோம், சேலைன் ஏற்றினோம், அடிவயிற்றைக் கை வலிக்க வலிக்க அழுத்தித் தேய்த்தேன். மற்றவளாக இருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அளவுதான் போனது.

பாதை திறந்ததும் தோட்டத்து லொறியில் மெத்தை போட்டு ஏற்றினோம். ராசையா மடியில் பிளாஸ்கோடு ஏறினார். அவளுக்குக் களைக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். வழியில் அவள் என் கையைப் பிடித்து, "மிசி, வாய் காயுது. ஒரு வாய் தேத்தண்ணி" என்றாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம், வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது. கொஞ்சம் பொறுங்கம்மா என்று டொக்டரையா சொன்னார். அவள் பொறுத்தாள். டவுனுக்கு இறங்கும் வளைவுகளில் என் கைக்குள் இருந்த அவள் கை குளிர்ந்தது. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலைக் காணவே இல்லை. திரும்பி வரும்போதும் அந்தப் பிளாஸ்க் திறக்கப்படாமல் ராசையாவின் மடியில் இருந்தது. என் உத்தியோகத்தில் எத்தனையோ சாவைப் பார்த்துவிட்டேன், அந்தப் பிளாஸ்கைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

காரியம் முடிந்தபிறகு ஒருநாள் டொக்டரையா என்னைக் கூப்பிட்டார்.

"தேத்தண்ணிதான் அவளக் கொண்டுபோச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது மிசி. மழை இருக்கு, பாதை இருக்கு, நம்ம இருக்கோம். ஆனா ராசையாவுக்குத் தெரிஞ்சா அது ஒண்ணுதான் நிக்கும். அவன் கையால போட்டுக் குடுத்தது. அத அவன் எங்க கொண்டுபோய் வைப்பான்?"

நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும், குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதே என்று தனியாகச் சொன்னோம். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னோம். கூட்டத்தில் பேசியதே இல்லை, ஆம்பிளைகள் காதுக்கு அது போனதும் இல்லை. டொக்டரையா ஓய்வு பெற்றுப் போய்க் கண்ணையும் மூடிவிட்டார். வழக்கம் மட்டும் என்னோடு இருந்தது.

ஆனால் இப்போது பாக்கெட் கொடுக்கப் போகிறார்கள். உடம்புக்கு நல்லது என்று எழுதியிருக்கும் பாக்கெட். நல்லதோடு நல்லதைச் சேர்த்து, குளிசையைக் கிரீன் டீயில்தான் விழுங்குவார்கள். அதிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. வீட்டில் தேத்தண்ணி போடுகிற மாமியார், புருஷன் எல்லோரும் கேட்கும்படி மண்டபத்தில் சத்தமாகச் சொல்லியாகவேண்டும். ஆம்பிளைகளையும் கூப்பிடு என்று தர்ஷினியிடம் நானேதான் சொன்னேன். சொன்னால் ராசையாவுக்கு விளங்கிவிடும். நாலு பேர் நடுவில் அந்த மனுசன் விளங்கிக்கொள்ளக் கூடாது என்று, கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் பஸ் ஏறி லயத்துக்குப் போனேன்.

மலர் பீலிக்குப் போயிருந்தாள். புருஷன் கொழும்பில் வேலை என்பதால் பேறுகாலத்துக்கு அப்பாவோடு வந்திருக்கிறாள். ராசையாவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து ஒரு கிளாஸ் சுடுதண்ணி ஊற்றித் தந்தார். வெறும் தண்ணி. அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தரம்.

"மகளுக்குக் கொதிக்க வச்சது மிசி. குளிசையச் சாயத்தண்ணியோட போடக் கூடாதுன்னு தர்ஷினிப் புள்ள சொல்லிச்சாம். மக வந்து எங்கிட்ட சொன்னா" என்றார்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். எப்படிச் சொல்லுவது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் யோசித்ததை அவருடைய மகளே, தெரியாமல், எப்போதோ சொல்லிவிட்டிருக்கிறாள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அப்பவும் அப்படித்தானா மிசி?"

இல்லை என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. டொக்டரையா இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. இந்த மனுசன் மாதக்கணக்கில் தனியாக இதை வைத்துக்கொண்டு, மகளுக்குத் தண்ணி ஆறவைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆமாம் என்றேன். மழை, பாதை, பச்சைத் தண்ணி வேண்டாம் என்று நாங்கள் போட்ட கூச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. செல்வமணிக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது, காரணம் சொல்லவில்லை என்றேன்.

"நல்லது" என்றார். பிறகு, "நாளைக்குச் சொல்லுங்க மிசி. எல்லாருக்கும் சொல்லுங்க. மலருக்கு மட்டும் அது அவ அம்மா கதைன்னு தெரிய வேணாம்."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. கிரீன் டீயின் நன்மைகளை, தர்ஷினி அனுப்பியபடி, ஒன்று விடாமல் சொன்னேன். உடம்பு குறையும் என்றதும் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு கண்ணாடிக் கிளாஸில் கிரீன் டீ ஊற்றச் சொல்லி, ஒரு குளிசையை நசுக்கிப் போட்டுக் கலக்கினேன். வெளிர்ப்பச்சையாக இருந்தது மெல்ல மெல்லக் கறுத்தது. சாயத்தண்ணியும் இப்படித்தான், குளிசைக்குக் கொதித்து ஆறிய தண்ணி, தேத்தண்ணிக்கு வேறு நேரம் என்று சொன்னேன். ராசையா முன் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் பேசி முடித்தேன்.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் கிரீன் டீ கொடுத்தார்கள். பெண்கள் ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்கள். ராசையாவும் ஒரு கப் வாங்கிக்கொண்டு நானும் மலரும் நின்ற இடத்துக்கு வந்தார். கொஞ்சம் குடித்துவிட்டு, வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"சப்புன்னு இருக்கு. ஒங்கம்மா இருந்தா இஞ்சி தட்டிப் போடச் சொல்லியிருப்பா" என்றார் மகளிடம்.

அம்மாவைப் பற்றி அவர் வாய் திறப்பது அபூர்வம் போலிருக்கிறது. மலர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஆவலாக அவரைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இஞ்சித் தேத்தண்ணின்னா அவ்வளவு புடிக்குமாப்பா?"

ராசையா கப்பில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தார்.

"நான் போட்டாப் புடிக்கும்" என்றார்.